ஆவுளியா டாக்டர் உமையாள்

டாக்டர் உமையாள் இறந்த செய்தி வந்தபோது நான் கரையில் நின்று செத்த மீன்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை எங்கள் ஊர்க் கடல் பச்சையாகியிருந்தது. பாசியின் பச்சை இல்லை. சாயப்பட்டறையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் போல, கனத்த, ஒளி புகாத பச்சை. அலை ஒதுக்கிய இடமெல்லாம் ஓராவும் கிழங்கானும் வாய் பிளந்து கிடந்தன. காற்று அடியோடு நின்றிருந்தது. வேலி மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த காகங்கள் அந்த மீன்களைத் தொடவில்லை. இதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் மாரிமுத்து அழைத்தார். எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் டாக்டருக்கு உதவியாளராக இருந்தவர்.

"பாய், எங்க இருக்கீங்க?"

"கரையில நிக்கிறேன்."

"டாக்டரம்மா விடியக்காலம் தவறிட்டாங்க. திருமயத்துப் பக்கம் அவங்க வீட்டுலதான். சாயங்காலம் எடுக்கிறாங்களாம்."

படம் எடுப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

டாக்டரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களிலேயே இரண்டு கூட்டம் உண்டு. குன்றாண்டார்கோவில் பக்கம் மாடு, ஆடு வளர்ப்பவர்களுக்கு அவர் மாட்டு டாக்டர். மணமேல்குடிக்குத் தெற்கே எங்கள் கரையில் அவர் ஆவுளியா டாக்டர். கடல்பசுவை எங்கள் பக்கம் ஆவுளியா என்போம். ஆழம் குறைந்த எங்கள் கடலில் புல் மேய்ந்து வாழும் பெரிய, சாதுவான பிராணி. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். மூச்சு விட மேலே வரும். அதைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். அதன் கறி எந்தத் தெருவில் எப்போது கிடைக்கும் என்பதும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். டாக்டர் எங்கள் ஊருக்கு மாற்றலாகி வந்த புதிதில் நான்தான் அவரைக் கூப்பிட்டு, "டாக்டர், ஆவுளியா ஒதுங்கியிருக்கு, வாங்க" என்றேன். எங்கள் வீடுகளில் இறைநேசர்களை அவ்லியா என்போம். அவர் ஏதோ தர்கா விஷயம் என்று நினைத்துக்கொண்டு, தலையில் முக்காடு போட ஒரு துண்டோடு வந்து இறங்கினார். அதைச் சொல்லிச் சொல்லிப் பிற்பாடு பலமுறை சிரித்திருக்கிறார். அன்று சிரிக்க நேரமில்லை.

கரையில் கிடந்தது பெண் விலங்கு. ஆள் நீளத்துக்கு ஒன்றரை மடங்கு இருக்கும். தோல் சாம்பல் நிறமாகி, வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. வனத்துறை ஆள்கள் வந்து நின்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டியவர் டாக்டர். கடல்பசுவை அவர் அதற்குமுன் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. மாட்டுக்கு வைத்திருந்த கத்தியோடு மண்டிபோட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் என் தாய்மாமா நாகூர்கனி. கரைவலை இழுக்கிற கூட்டத்துக்குத் தலைவர். அவர் சொன்னால் எங்கள் கரையில் வலை இறங்கும், சொல்லாவிட்டால் இறங்காது.

"அறுத்துப் பாத்துட்டு எங்ககிட்டக் குடுத்துருவீகல்ல?" என்றார் மாமா.

"இல்லைங்க. புதைக்கணும்."

"எங்க அத்தா காலத்துலேர்ந்து தின்னுக்கிட்டு இருக்கோம். கடலு குடுக்கிறதை மண்ணுல போடச் சொல்றீக."

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயிற்றைத் திறந்தார். உள்ளே மென்ற கடல்புல், அதோடு சுருண்டு பந்தாகிப்போன நைலான் வலைத்துண்டு. பிறகு முன்துடுப்பைத் தூக்கி அதன் அடியில் பார்த்தார். அங்கேதான் அதற்கு முலைக்காம்பு. பசுவுக்குச் செய்வது போல இரண்டு விரலால் அழுத்தினார். வெள்ளையாகப் பால் வந்து அவர் மணிக்கட்டில் வழிந்தது.

டாக்டர் அந்தக் கையைத் துடைக்காமல் எழுந்து கடலைப் பார்த்தார்.

"பால் குடிக்கிற குட்டி ஒண்ணு எங்கிட்டோ நிக்கிது பாய்" என்றார் என்னிடம். "தாயைத் தேடி அது இங்கிட்டுத்தான் வரும்."

அந்தச் சொல் எனக்கு ஆறுதலாகப் படவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் மருந்தகம் திறப்பதற்கு முன் கரையில் நடக்க ஆரம்பித்தார். படகில் ஏறுகிறவர்களிடம், வலையில் மாட்டினால் அறுத்து விட்டுவிடுங்கள் என்பார். பிரசங்கம் கிடையாது. ஆட்டுக்குக் காய்ச்சல் மருந்து எப்படிக் கொடுப்பது என்று சொல்கிற அதே குரல். சிலர் கேட்டுக்கொள்வார்கள். சிலர் அவர் போனதும் அவரைப் போலவே பேசிக் காட்டுவார்கள். கறி விற்றவர்கள் யார் யார் என்று வனத்துறை விசாரித்தபோது, பிடிபட்ட கறி ஆவுளியாதான் என்று அவர் கொடுத்த அறிக்கைதான் அதற்கு ஆதாரமாக இருந்தது. அதோடு பேசிக் காட்டுவதும் நின்றது. தெருவில் அவர் வந்தால் பேச்சு அடங்கும். அது முன்னதைவிட மோசமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மாரிமுத்து என் வீட்டுக்கு ஓடி வந்தார். மருந்தகக் கதவின் தாழ்ப்பாளில் ஒரு சாக்கு தொங்கியது. அதற்குள் வெட்டி எடுத்த ஒரு துடுப்பு. சின்னது. ஐஸில் வைத்திருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். நீர் சொட்டிச் சொட்டிப் படியில் தேங்கியிருந்தது.

நான் போனபோது டாக்டர் சாக்கை இறக்கி, மாடுகளைக் கட்டிவைத்து ஊசி போடும் மேடையில் துடுப்பை வைத்து அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் நீளம், அகலம், வெட்டு விழுந்த கோணம் எல்லாவற்றையும் மாரிமுத்துவிடம் சொல்லி எழுத வைத்தார்.

"இளசு" என்றார். "பால் மறந்திருக்காது."

அது அந்தத் தாயின் குட்டிதானா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். புகார் கொடுத்தார். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்று மதியம் கடைத்தெருவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்தார். வழக்கமாக அவர் டீ குடிப்பதில்லை.

"பயமா இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இருக்கு பாய். மாடு கன்னு போட முடியாம கிடக்கும். உள்ள கையை விடணும். அப்பயும் பயமாத்தான் இருக்கும். அதுக்காக வெளிய நின்னா ரெண்டு உசிரும் போயிரும்."

அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். காரணம் கேட்டதற்கு, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார். டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு பெட்டியோடு மருந்தகத்தின் பின்னறைக்கு வந்துவிட்டார். அந்த வீட்டுக்கு இன்றுவரை பெயிண்ட் அடிக்கவில்லை.

பிறகு மாற்றல் உத்தரவு வந்தது. குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கிராமம். கடலிலிருந்து பார்த்தால் மாவட்டத்தின் மறுகோடி. வழக்கமான மாற்றல்தான் என்றார்கள். இருக்கலாம். ஊரில் பலர் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நானும் ஒரு வகையில் நிம்மதியடைந்தேன். அவர் இங்கே இருந்தால் ஏதோ நடக்கப் போகிறது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மணமேல்குடி பஸ் நிறுத்தத்தில் தோளில் பையோடு அவர் இறங்கினார். புதுக்கோட்டை வந்து, அறந்தாங்கி வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். முடிந்த ஞாயிறுகளில் எல்லாம் அப்படி வந்தார். உடம்பு சரியில்லாத வாரங்களிலும் வந்தார்.

"இதை விட்டுட்டா என்ன டாக்டர்? ஒங்க வேலையும் இல்ல, ஒங்க ஊரும் இல்ல" என்று ஒருமுறை அலுப்பில் கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "நானும் யோசிச்சுப் பாத்தேன் பாய். விட்டுட்டு என்ன செய்யுறதுன்னு தெரியல" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இன்னைக்கு முடியுறதை இன்னைக்குச் செய்வோம். முடியாததுக்கு நாளைக்கு திட்டு வாங்கிக்கலாம்" என்றார். இது அவர் அடிக்கடி சொல்வது. மாட்டுக்காரர்களும் கேட்டிருப்பீர்கள்.

புயல் வந்த ஆண்டை நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. புயல் கரையேறுவதற்கு முன் அன்று பகலில் கடல் உள்வாங்கியது. மேலைக்காற்று தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டே போனது. எப்போதும் படகு மிதக்கும் இடம் சேறாகிக் கிடந்தது. போலீஸ் வண்டி மைக்கில் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிக்கொண்டே போனது. வானம் செம்பு நிறத்தில் இருந்தது. நாய்கள் ஒன்றுகூடக் கரையில் இல்லை.

டாக்டர் அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் ஊரில் இருந்தார். புயல் வந்தால் கடல்புல் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். மதியத்துக்கு மேல் சேற்றுக்குள் வெகுதூரத்தில் ஏதோ அசைவதை அவர்தான் முதலில் பார்த்தார். தண்ணீர் வற்றும்போது ஒரு பள்ளத்தில் சிக்கிக்கொண்ட ஆவுளியா. பக்கத்தில் ஒரு குட்டி. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர்தான் மிச்சம். தாயின் முதுகு வெளியே தெரிந்து காய்ந்துகொண்டிருந்தது.

நாங்கள் மூன்று பேர். மாரிமுத்து, டாக்டர், நான். ஈரச் சாக்கை அதன் முதுகில் போட்டோம். நாங்கள் தள்ளி அது அசையாது. டாக்டர் கரைக்குத் திரும்பி நடந்து மாமாவிடம் போனார். கரையில் ஒவ்வொருவரும் தங்கள் படகை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் யாரையும் பார்க்க நேரமில்லை.

"கனி அண்ணே, மொதல்ல ஒங்க படகை மேல ஏத்துங்க" என்றார் டாக்டர். "எல்லாரும் ஏத்துங்க. அதுக்கப்புறம் நேரம் இருந்தா அங்கிட்டு வாங்க. இல்லாட்டி வேணாம். நான் தப்பா நினைக்க மாட்டேன்."

மாமா கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தார். டாக்டர் திரும்பி வந்து, சேற்றில் உட்கார்ந்து, சாக்கை நனைத்து நனைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். காற்றின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் ஊதல், பிறகு ஒரு முனகல். தாய் நெடுநேரத்துக்கு ஒருமுறை பெரிதாக மூச்சு விட்டது. களைத்துப்போன கிழவர் கட்டிலில் உட்காரும்போது விடுகிற மூச்சு போலவே இருக்கும் அது. குட்டியும் விட்டது. அது சின்னச் சத்தம்.

வெளிச்சம் குறைந்துவிட்டது, இனிமேல் நாமும் போய்விட வேண்டும் என்று நான் சொல்ல வாயெடுத்தபோது மாமாவும் ஏழெட்டுப் பேரும் கரைவலையின் மடியை, மீன் சேரும் பை போன்ற நடுப்பகுதியை, தோளில் சுமந்துகொண்டு வந்தார்கள்.

"படகெல்லாம் ஏத்திட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு. தள்ளுங்க அங்கிட்டு" என்றார் மாமா.

மடியைத் தாய்க்கு அடியில் விரித்துப் புகுத்தவே பெரும்பாடு. பிறகு கரைவலை இழுக்கிற அதே பாட்டோடு, ஆனால் இந்த முறை கடலை நோக்கி, இழுத்தார்கள். சேற்றில் இடுப்புவரை புதைந்து எழுந்து புதைந்து போனோம். மாரிமுத்துவும் இன்னொருவரும் குட்டியைச் சாக்கில் தூக்கி வந்தார்கள். மழை ஊசி போலக் குத்தத் தொடங்கியபோது தாய்க்கு அடியில் தண்ணீர் வந்துவிட்டது. அது ஒரு முறை வாலை அடித்தது. அந்த அடியில் இரண்டு பேர் விழுந்தார்கள். குட்டியை அதன் பக்கத்தில் விட்டோம். இரண்டும் கலங்கல் தண்ணீருக்குள் போயின. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை. சேர்ந்து போனதா, தனித்தனியாகப் போனதா, அன்றைய கடலில் பிழைத்ததா, எதுவும் தெரியாது. டாக்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மாமா அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைக்குக் கூட்டிவந்தார்.

காற்று ஊரை அடித்துப் போட்டது. ஆலங்குடிப் பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்தன. மரத்தின் அடியிலும் கொட்டகையின் அடியிலும் மாடுகள் செத்துக் கிடந்தன. டாக்டர் மறுநாளே அங்கே போய்விட்டார். கால் ஒடிந்த மாடுகளுக்குக் கட்டுப் போடுவதும், பிழைக்காதவற்றைப் புதைக்க ஏற்பாடு செய்வதும்தான் பல வாரங்கள் அவர் வேலை. வீட்டில் ஒரு பிள்ளை செத்தது போல அழுகிறவர்களுக்கு நடுவில், குரல் உயர்த்தாமல், கை நிற்காமல் வேலை செய்தார் என்று உடன் போயிருந்த மாரிமுத்து சொன்னார். எங்கள் கரையில் கடல்புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து வைக்கோல் போர் போல மலைமலையாக ஒதுங்கி அழுகிக்கொண்டிருந்தது. அதன் நாற்றத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

ஒரு மாதம் கழிந்து அவர் எங்கள் ஊருக்கு வந்தபோது அந்த அழுகிய புல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். "மேய்ச்சல் நிலம் போச்சு பாய். தப்பிச்சிருந்தாலும் அதுகளுக்குத் தின்ன என்ன இருக்கு" என்றார். பிறகு, "கனி அண்ணன் படகு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நான் கூட்டிப் போய்க் காட்டினேன். படகு இரண்டாகப் பிளந்து, பின்பாதி மட்டும் பனைமரத்தில் சாய்ந்து கிடந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் டாக்டருக்குத் தெரியாது. மாமா அன்று மற்றவர்களின் படகுகளை ஏற்றிவிட்டிருந்தார். அவருடைய படகு மட்டும் கீழே, பாதி வழியில் நின்றது. பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அப்படியே விட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

டாக்டர் அந்தப் படகைச் சுற்றி நடந்தார். நான் அவரை அத்தனை வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை. கதவில் துடுப்பு தொங்கிய அன்றுகூட அந்த முகம் இல்லை. மாமா உடைந்த பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏத்திட்டேன்னு சொன்னீங்களே அண்ணே."

"ஏத்தலைன்னு சொல்லியிருந்தா போகச் சொல்லியிருப்பீக."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

"அதான்" என்றார் மாமா. பலகையைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்களுக்காக நான் வரல. அது மூச்சு விடுற சத்தம் காத்துல கரைவரைக்கும் வந்துச்சு. அதைக் கேட்டுட்டு எப்புடி வீட்டுக்குப் போறது?" என்றார்.

டாக்டர் அந்தப் பலகைகளின் மேல் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். மாமா என்னைப் பார்த்து, தண்ணி கொண்டாரச் சொல்லிக் கை காட்டினார்.

நான் நினைத்தேன், இத்தோடு விட்டுவிடுவார் என்று. ஒருவருடைய படகைத் தன் வேலை தின்றுவிட்டது என்ற நினைப்போடு யாரால் திரும்பவும் அதே கரையில் நின்று அதே பேச்சைப் பேச முடியும்? அவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தார். அன்று முதல் வலையை அறுத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வதை நிறுத்தினார். அறுத்த வலைக்கு ஈடு வாங்கித் தரும் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். "நல்ல காரியம்னு சொல்லி அடுத்தவங்க வயித்துல அடிக்கக் கூடாது பாய். எனக்கு அது லேட்டாத்தான் புரிஞ்சுது" என்றார். மாமா அதன்பின் மற்றவர்கள் படகில் கூலிக்குப் போனார். ஒருநாள் சாயங்காலம் என் வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்கு ஒண்ணை அறுத்து விட்டாச்சு. ஒன் டாக்டர்ட்ட சொல்லிரு" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கரையில் அதுதான் முதல் தடவை.

டாக்டருக்கு இருமல் எப்போது தொடங்கியது என்று சரியாகத் தெரியவில்லை. பஸ்ஸில் தூசி என்பார். மதுரையில் பார்த்தபோது புற்று நுரையீரலில் வெகுதூரம் பரவியிருந்தது. அதை என்னிடம் அறந்தாங்கி பஸ் நிலையத்தில், இரைச்சலுக்கு நடுவே, மாட்டின் நோயைச் சொல்வது போலச் சொன்னார். பிறகும் சில மாதங்கள் வந்தார். கரையில் நடக்க முடியாமல் போனபோது வலை காய்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பார். மீனவர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். இரட்டைமடி வலையைக் கடல்தரையோடு இழுக்கிற விசைப்படகுகள் திரும்பக் கரைக்கு நெருங்கி வருகின்றன என்று அப்போதுதான் கேள்விப்பட்டோம். புயலுக்குப் பின் மெல்லத் துளிர்த்த கடல்புல்லை அவை சீவிக்கொண்டு போயின. இரவெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்டது.

கடைசியாக அவரைத் திருமயத்துப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். உறவினர்கள் எல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள். அத்தையைப் பார்த்துக்கொள்ள அண்ணன் மகள் சிகப்பி வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். டாக்டரைக் காற்று வருகிற முன்னறையில் படுக்க வைத்திருந்தார்கள். பாதி ஆளாகியிருந்தார்.

"வாங்க பாய். வாடைக்காத்து தொடங்கிருச்சா?"

"இன்னும் இல்ல டாக்டர்."

"எத்தனை பாத்தீங்க இந்த வருசம்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் அது முடியாது. "ஒண்ணுகூட காணோம். உசிரோடயும் காணோம், ஒதுங்கியும் காணோம். இனிமே இல்லைன்னுதான் எல்லாரும் பேசிக்கிறாங்க. நானும் அப்படித்தான் ஒரு செய்தி எழுதி வச்சிருக்கேன்."

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்துப் பேசினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"காணோம்னு எழுதுங்க பாய். இல்லைன்னு எழுதாதீங்க. இல்லைன்னு எழுதிட்டா அப்புறம் யாரும் வலையை அறுக்க மாட்டாங்க."

அந்தச் செய்தியை அப்படித்தான் மாற்றி அனுப்பினேன். அவர் அதைப் படித்தாரா என்று தெரியாது.

அவர் இறந்த அன்று மாமாவும் மாரிமுத்துவும் நானும் பஸ் பிடித்துப் போனோம். குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு லோடு வண்டி நிறைய ஆள்கள் வந்திருந்தார்கள். எல்லாரும் மாடு வைத்திருப்பவர்கள். அவர்களில் ஒரு பெண் மாமாவிடம், "நீங்க எந்த ஊருங்க? அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மாமா தோளிலிருந்த துண்டை இறக்கிக் கையில் எடுத்தார். பிறகு, "அவுகளோட கடல்ல வேலை பாத்தேன்" என்றார். நகரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கு எங்கள் யாரையும் தெரியவில்லை. அத்தனை பேரா என்று மட்டும் பார்த்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மேற்கே மின்னல் வெட்டியது. மழை வரவில்லை.

கருமாதி முடிந்த பிறகு சிகப்பி எங்கள் ஊருக்கு வந்தாள். கைப்பையிலிருந்து டாக்டரின் பழைய போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அத்தையோட போனுக்கு தினமும் யாராவது கூப்பிடுறாங்க. மாட்டுக்கு மடி வீங்கியிருக்குங்கிறாங்க. வலையில என்னமோ மாட்டியிருக்குங்கிறாங்க. அத்தை இறந்துட்டாங்கன்னு சொன்னா அழுவுறாங்க. எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. நீங்க வச்சுக்குறீங்களா?"

மாட்டுக்காரர்களின் அழைப்பை மாரிமுத்துவுக்குத் திருப்பிவிடுகிறேன். கடலிலிருந்து வருவதை நான் எடுக்கிறேன். வருகிறவை பெரும்பாலும் நல்ல செய்தி இல்லை. ஒதுங்கிய ஆமை. பெயர் தெரியாத எண்ணெய்ப் படலம். நிறம் மாறிய தண்ணீர். ஒருவர் கூப்பிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறார். அது துக்கத்தினாலா, வேறு காரணமா என்று தெரியவில்லை.

போன வாரம் மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசுகிற குரல்.

"டாக்டரம்மாங்களா?"

"டாக்டரம்மா இல்லைங்க. தவறிட்டாங்க. அவங்ககூட இருந்த ஆள்தான் பேசுறேன். சொல்லுங்க."

"வலையில ஆவுளியா ஒண்ணு. பெருசு. கூட ஒரு குட்டி சுத்திச் சுத்தி வருது. என்னா செய்ய?"

"உசிரோட இருக்கா?"

"இருக்கு."

"வலையை அறுத்து விட்டுருங்க."

"புது வலைங்க."

"ஈடு வாங்கித் தர ஏற்பாடு செய்யுறேன். நீங்க அறுங்க."

பக்கத்தில் இருந்தவரிடம் அவர் ஏதோ சொல்வது கேட்டது. யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு லைன் போய்விட்டது. நான் திரும்பத் திரும்ப அழைத்தேன், கிடைக்கவில்லை. அவர்கள் யார், எந்த ஊர்ப் படகு, எதுவும் கேட்டுவைக்கத் தோன்றவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. மனைவி இரண்டு முறை கூப்பிட்டாள். சாயங்காலம் வெயில் சாயும் நேரத்தில் அதே எண்ணிலிருந்து ஒரே வரி வந்தது: "ரெண்டும் போயிருச்சுங்க."

போயிருச்சு என்றால் தப்பித்துப் போனதா, செத்துப் போனதா? உடனே கேட்டேன். பதில் வர இருட்டிவிட்டது. அறுத்துவிட்டோம், வடக்கே போனதைப் பார்த்தோம், தாயின் முதுகில் புதுக்காயம் இருந்தது என்று எழுதியிருந்தார். வடக்கேதான் விசைப்படகுகள் நிற்கின்றன.

டாக்டருடைய கத்தி மருந்தகத்துக்குப் போய்விட்டது. புத்தகங்களைச் சிகப்பி எடுத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது இந்த போன்தான். நாள் முழுவதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், சார்ஜ் இறங்க விடுவதில்லை. அவரை அறிந்தவர்கள் எல்லாரிடமும் இந்த எண் இருக்கும். இறந்தவர் எண் என்று அழித்துவிட வேண்டாம். வாடை தொடங்கிவிட்டது, கடல் நன்றாக இல்லை. கூப்பிடுங்கள். எடுப்பேன்.